எலி நுழையாத பாதி

தெருவில் அவளுக்குப் பெயர் மிஷின்காரம்மா. வாசல் அறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் மட்டும் தைத்துக்கொண்டிருந்தவள். நாள் முழுக்கக் காலர், வருஷம் முழுக்கக் காலர். "மனுஷனுக்குக் கழுத்தைத் தவிர வேற உறுப்பே கிடையாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அது ஒரே வீடு. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் கோழித்தீவனக் கடை வைத்திருந்தார். இளையவன், அதாவது இவள் புருஷன், அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் வேலை பார்த்தான். மாமியார் இருந்தவரை எல்லாருக்கும் ஒரே அடுப்பில் வெந்தது. மாமியார் கண்ணை மூடினாள். வந்த உறவுக்காரர்கள் ஊர் திரும்புவதற்குள் அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றிவிட்டது. எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கூடத்துக்கு நடுவில் செங்கல் சுவர் எழும்பியது. கூடத்து மின்விசிறி எந்தப் பக்கம் சேரும் என்று நடந்த சண்டையைப் பார்த்து, அதையும் சேர்த்துச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்களோ என்று தெருவே பயந்தது.

வீட்டைப் பிரிக்கலாம், மாமனாரை எப்படிப் பிரிப்பது? மாதம் ஒரு வீடு என்று முறை போட்டார்கள். மாதம் பிறந்ததும் கிழவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வாசலில் இறங்கி, நாலு எட்டு வைத்து, மறு வாசலில் ஏறுவார். "இந்த வண்டி இதோட நிக்குது, எல்லாரும் அடுத்த வண்டியில ஏறிக்குங்க" என்று பழைய குரலில் சத்தம் கொடுப்பார். தின்பண்டக் கடைக்காரன் முதற்கொண்டு எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்தபடியேதான் படியேறுவார். படியேறியதும் சிரிப்பு நின்றுவிடும். அது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

கடையில் இடம் போதவில்லை என்று மூத்தவர் தீவன மூட்டைகளைத் தன் பக்கத்துப் பின்னறையில் அடுக்க ஆரம்பித்தார். மக்காச்சோளம், தவிடு, மீன்தூள். அந்த வாசனை சுவரைத் தாண்டி இவள் அடுப்படி வரை வந்தது. வாசனைக்குப் பின்னால் எலிகள் வந்தன.

முதலில் இவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோப்பைக் கடித்தன, மெழுகுவர்த்தியைக் கடித்தன. புருஷனின் செருப்பு வாரைக் கடித்தபோது "உங்களைவிட அதுக்குப் பல்லு நல்லா இருக்கு" என்று கேலிகூடச் செய்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், தைத்து மடித்து மூட்டை கட்டி வைத்திருந்த பாவாடைகளுக்குள் ஒரு எலி புகுந்து, துணியைப் பஞ்சாகக் கிழித்துக் கூடு கட்டிக் குட்டி போட்டுவிட்டது. மேலே இருந்த துணி நன்றாக இருந்ததால் இவளுக்குத் தெரியவில்லை. மூட்டையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அலுவலக அறையில் இருந்த அம்மாள் ஒரு பாவாடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூட்டையப் பிரிச்ச ஆயா அலறிட்டு ஓடிப்போச்சு. உள்ள இன்னும் கண்ணு தொறக்காத குட்டி கிடக்கு. இதை எந்தப் பிள்ளைக்குப் போட்டுவிடறது? உங்க வீட்டுல எப்படித்தான் இருக்கீங்க?"

தைத்த துணி போனதுகூட இவளுக்கு ஆறியது. அந்தக் கடைசிக் கேள்வி ஆறவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வேலை அத்தோடு போயிற்று. வீட்டுக்கு வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, சுவரின் அடிப்பாகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. துணியில் அடையாளம் போடும் சாக்குக்கட்டியை இடித்துப் பொடியாக்கித் தரையில் தூவி வைத்தாள். காலையில் பார்த்தால் வழி தெரிந்தது. எலி நடுக்கூடத்தில் நடப்பதில்லை. சுவரை உரசிக்கொண்டேதான் போகிறது. உரசி உரசிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் போலக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் ஓட்டை வந்தது. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், பின்கதவின் அடியில் மழையில் உளுத்துப்போன மூலை, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து, சாக்கடை வாய். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை போதும் சுண்டெலிக்கு.

வெறும் சிமென்ட்டை வைத்துப் பார்த்தாள், காய்வதற்குள் தோண்டிவிட்டது. பிறகு பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, கண்ணாடிச் சில்லை நுணுக்கிச் சிமென்ட்டில் கலந்து மேலே பூசினாள். பின்கதவின் அடியில் தகரம் அடித்தாள். சாக்கடை வாய்க்கு வலை, ஓட்டுச் சந்துக்கும் வலை. புருஷன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "தைக்கிறதை விட்டுட்டுக் கொத்து வேலைக்குப் போயிடு" என்றான். அரிசி, பருப்பு எல்லாம் மூடி போட்ட டிரம்முக்குப் போயின. தைத்த துணி இரும்புப் பெட்டிக்குப் போயிற்று. விஷம் மட்டும் வைக்கவில்லை. தின்றுவிட்டுச் சுவருக்குள் போய்ச் செத்தால் நாற்றம் துணியில் ஏறிவிடும்.

மாமனாரின் முறை வந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. ஆனால் பிஸ்கட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்துத் தின்பார். கட்டிலைச் சுற்றித் துகள் கிடக்கும். இவள் விளக்குமாற்றோடு வந்தால், "டிக்கெட் செக்கிங் வந்தாச்சு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

"சிரிக்காதீங்க மாமா. இந்தத் துகளுக்குத்தான் அது வரும். வந்தா உங்க காலைக் கடிச்சாலும் உங்களுக்குத் தெரியாது."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒருமுறை உள்ளங்காலில் ஆணி ஏறியது தெரியாமல் மார்க்கெட் வரை போய்த் திரும்பி வந்தார். தரையில் ரத்தத்தைப் பார்த்து இவள்தான் கத்தினாள்.

ஒருவழியாக இவள் பக்கத்தில் எலி நின்றது. தூவிய சாக்குப்பொடி காலையில் தூவியது தூவியபடியே கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் பரபரவென்று சத்தம். முன்னால் இரண்டு வீட்டுக்கும் பரவியிருந்தவை இப்போது ஒரே வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓரகத்தி, மூத்தவரின் மனைவி, கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குழாயடியில் இவளைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் குழாயடியில் பெண்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வது உண்டு.

"உங்க பக்கம் எல்லாம் அடைச்சிட்டியாமே. எங்க பக்கமும் வந்து கொஞ்சம் பாரேன். நேத்து அடுப்பு மேல உக்காந்துக்கிட்டு என்னையே முறைக்குது. நானா அதுவா, யாரு வீட்டுக்காரின்னே தெரியல."

"அக்கா, மூட்டைய அங்கேருந்து எடுத்தாலே பாதி போயிடும்."

"அதை அவர்கிட்ட யாரு சொல்றது? வாயத் தொறந்தா மூக்கு மேல கோபம்."

இவள் போனாள். மூத்தவர் கடைக்குப் போயிருந்த நேரம். சுவர் எழுந்த பிறகு அந்தப் பக்கம் இவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பின்னறையைத் திறந்ததும் திடுக்கிட்டுப் போனாள். மூட்டைகள் கூரை வரை இருந்தன. அடி மூட்டைகள் ஓட்டையாகித் தானியம் கொட்டிக் கிடந்தது. அவற்றுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடத்தில், மாமனாரின் கட்டில் போட்டிருந்தது.

"இங்கயா படுக்க வைக்கிறீங்க?"

"முன்னறையில வியாபாரத்துக்கு ஆளுங்க வர்றாங்களாம். இருமல் சத்தம் கேக்குதாம்" என்றாள் ஓரகத்தி, தரையைப் பார்த்தபடி.

இவள் கொண்டுபோயிருந்த கம்பிநாரை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்த ஓட்டைகளையாவது அடைப்போம் என்று குனிந்தாள். அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மூத்தவர். எதையோ மறந்துவிட்டு எடுக்க வந்தவர்.

"இங்க உனக்கு என்னம்மா வேலை?"

"எலி ஓட்டை..."

"உன் வீட்டு எலியை எல்லாம் இந்தப் பக்கம் விரட்டிவிட்டுட்டு, இப்ப எங்க வீட்டைப் பாக்க வந்தியா? எங்க மூட்டையைப் பாத்துக் கண்ணு வைக்க வந்தியா?"

"மாமா கட்டில் இங்க இருக்கு. அவருக்குக் காலுல உணர்ச்சி இல்ல. மூட்டைய மட்டும் கொஞ்சம்..."

"எங்கப்பாவை எங்க படுக்க வைக்கணும்னு எனக்குத் தெரியும். நீ தையலைப் பாரு. இனி இந்த வாசப்படி மிதிக்காத."

ஓரகத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் கையில் கம்பிநாரோடு வெளியே வந்தாள். தெருவில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் புருஷனிடம் சொன்னபோது அவனும் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "உன்னை யாரு அங்க போகச் சொன்னது? என் மானத்தை வாங்கிட்டு வந்திருக்க" என்றான்.

அடுத்த மாதம் மாமனார் இவர்கள் பக்கம் இருந்தார். மாதம் முடியப்போகிற நாட்களில் சாப்பிட்டு முடித்ததும் வழக்கமாகச் சொல்லும் "ரைட், ரைட்" அவர் வாயில் வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"மருமகளே, வர்ற மாசமும் நான் இங்கயே இருந்துக்கட்டுமா? அங்க ராத்திரியில போர்வை மேல ஓடுது. நான் சொன்னா, கனவு கண்டிருப்பீங்கன்னு சொல்றான்."

இவள் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவர்கிட்ட கேக்கறேன் மாமா" என்றாள்.

கேட்டாள். கெஞ்சாத குறையாகக் கேட்டாள். புருஷன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "ஒரு மாசம் சேத்து வச்சிக்கிட்டா அப்புறம் அதுவே வழக்கமாயிடும். ஒரேயடியா நம்ம தலையில கட்டிடுவான். அப்பாவை வச்சிக்க நான் மாட்டேன்னு சொல்லல. அவன் ஜெயிக்கக் கூடாது. முறைன்னா முறைதான்."

இவள் இன்னொரு முறை வற்புறுத்தியிருக்கலாம். சோறு பொங்காமல் இருந்திருக்கலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். காரியம் ஆக வேண்டுமென்றால் அதெல்லாம் செய்யத் தெரிந்தவள்தான். ஆனால் கட்டிலைச் சுற்றிப் பெருக்கியும், மருந்து எடுத்துக் கொடுத்தும், நடுவில் தைத்தும் அவளுக்கும் அலுத்திருந்தது. புருஷன் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலவும் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்தாள். பள்ளிப் பை தைக்கிற கெட்டிக் கான்வாஸ் துணியை இரண்டடுக்காக மடித்து, முழங்கால் வரை ஏறுகிற மாதிரி ஒரு ஜோடி துணிக்காலுறை தைத்தாள். ஊசி இரண்டு தடவை உடைந்தது. மேலே நாடா வைத்து இறுக்கிக் கட்டினாள்.

"ராத்திரி படுக்கும்போது இதைப் போட்டுத்தான் படுக்கணும். மறக்கக் கூடாது."

"பூட்ஸ் போட்டுக்கிட்டுத் தூங்கற மொத கண்டக்டர் நான்தான்" என்றார் மாமனார். காலை நீட்டி இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். அன்றைக்கு வண்டி மாறுகிற சத்தம் தெருவில் கேட்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு மதியம், துணி உலர்த்தக் கொல்லைக்குப் போன இவள், வேலிக்கு அந்தப் பக்கக் கொடியில் அந்தக் காலுறைகள் தொங்குவதைப் பார்த்தாள். ஓரகத்தி துவைத்துப் போட்டிருந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வானம் மூட்டமாக இருந்தது. இரண்டடுக்குக் கான்வாஸ், அந்த வெளிச்சத்தில் இன்றைக்கு உலராது என்று தைத்த கைக்குத் தெரியும். 'அக்கா, வேற ஏதாவது துணியச் சுத்தியாவது விடுங்க' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். குரல் உதடு வரை வந்தது. மூத்தவரின் மோட்டார் பைக் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. எதற்கு வம்பு, அவர்களுக்குத் தெரியாதா என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெறும் கூடையோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஓரகத்தியின் அலறல் சுவரைத் தாண்டி வந்தது. இவளும் புருஷனும் வாசப்படியைப் பற்றி யோசிக்காமல் ஓடினார்கள். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, எல்லாரும் ஏன் தன் காலைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். விரிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. இடது காலில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நுனி இல்லை.

"வலிக்குதாப்பா?" என்று கேட்டான் இளையவன்.

"என்னடா வலிக்கணும்?" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள். சர்க்கரைக்காரர் புண், ஆறவில்லை. பாதம் கறுத்தது. கறுப்பு மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி நடையில் மூத்தவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். தம்பி போய் அவர் தோளைப் பிடித்தான். எத்தனையோ வருஷம் கழித்து அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்கள். கையெழுத்தைச் சேர்ந்து போட்டார்கள், கேன்டீனில் சேர்ந்து டீ குடித்தார்கள். வந்த உறவுக்காரர்கள், "பெரியவருக்கு வந்த கஷ்டத்துலயும் ஒரு நல்லது நடந்திருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாமனாரோடு பகலில் இருந்தது இவள்தான். காலை எடுத்த பிறகு அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "மருமகளே, இடது பாதம் அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்." இத்தனை வருஷம் ஆணி குத்தியும் தெரியாத பாதம், இல்லாமல் போன பிறகு அரித்தது. முதலில் இவள், "அது இல்ல மாமா" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வெறும் விரிப்பை நகத்தால் பரபரவென்று சொறிவாள். "ஆங், அங்கதான்" என்று அவர் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்குத் திரும்பாமலே போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு எலியில் வந்து நின்றது. "அது எப்படி, தம்பி பக்கம் ஒண்ணுகூட இல்லாம, அண்ணன் பக்கம் மட்டும் அத்தனை?" என்று யாரோ கேட்டார்கள்.

மூத்தவர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி சம்சாரம் அவங்க பக்கம் ஒரு ஓட்டை விடாம அடைச்சாங்க. அதுங்க எங்க போகும்? பாவம், அப்பா இருந்த அறைக்குத்தான் போகும். அவங்களைக் குத்தம் சொல்லல. தெரியாம செஞ்சது."

அத்தனை கண்ணும் இவள் பக்கம் திரும்பின. இவள் புருஷனைப் பார்த்தாள். மூட்டையைப் பற்றி அவன் சொல்வான், கட்டில் போட்ட இடத்தைப் பற்றிச் சொல்வான், அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று இவள் கேட்டதைச் சொல்வான் என்று பார்த்தாள். அவன் விரலால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றான்.

ஓரகத்திக்கும் பங்கு கிடைத்தது. காலுறையைக் கழற்றிப் போட்டவள் என்று மூத்தவர் வீட்டுக்குள் அவளைப் பேசாத பேச்சில்லை. ஒருநாள் குழாயடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கேட்டாள்.

"மூத்திர வாடை அடிச்சுதேன்னு தொவைச்சுப் போட்டேன். கொடியில தொங்கினது உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

"குடுத்திருக்கலாம்க்கா. அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் என்னைத் தொரத்தும்போது நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

ஓரகத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு ஒருத்தி குழாயடியில் இருந்தால் இன்னொருத்தி காத்திருந்து அப்புறம் போனாள்.

மூட்டைகளை மூத்தவர் ஒரு குடோனுக்கு மாற்றினார். காரணம் அப்பா இல்லை. மீன்தூளில் புழு வைத்துவிட்டது. பின்னறையை வெள்ளையடித்தார்கள். அப்பா ஆசைப்பட்டது இதுதான், கூடத்துச் சுவரை எடுத்துவிடலாம் என்று அண்ணன் தம்பி இருவரும் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். அப்பா அப்படி ஆசைப்பட்டதாக இவளுக்கு ஞாபகம் இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

இடிக்கிற அன்று செங்கல் தூசி மிஷின் வரை வந்து படிந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டைகளை அள்ளிப் பெட்டியில் போட்டு மூடினாள். மதியம், இடிந்த சுவருக்கு நடுவில் நாற்காலி போட்டு அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயதில் அப்பாவின் விசிலைத் திருடி ஊதி, ஓடுகிற பஸ்ஸை நிறுத்திய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் டீ கொண்டுவந்தாள்.

மூத்தவர் டம்ளரை வாங்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை.

"நடந்தது நடந்துபோச்சும்மா. நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காத. நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேன்."

"அண்ணன் மனசு யாருக்கு வரும்" என்றான் புருஷன்.

இவள் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். சொல்வதற்கு வார்த்தை இல்லாமல் இல்லை, வரிசையாக நின்றன. அந்தப் பின்னறை நின்றது, கொடியில் சொட்டிய தண்ணீரும் நின்றது. முதலாவதைச் சொன்னால் இரண்டாவதையும் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை.

"டீ ஆறிடும், குடிங்க" என்றாள்.

உள்ளே போய் மிஷின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். புதிதாக ஒரு பள்ளிக்கூடம் சட்டை தைக்கக் கொடுத்திருந்தது. காலர் இன்னும் வைக்கவில்லை. நூலைக் கோத்து, தலையைக் குனிந்துகொண்டு, மிதிக்க ஆரம்பித்தாள்.